பீரோ படுத்துப் பார்த்த பள்ளிக்கூடம்

ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைக் கம்பளியால் சுற்றிக்கொண்டிருந்தார் பீரோ. முதலில் பழைய கம்பளி, அதன்மேல் அட்டை, மூலைகளுக்குத் துணிச்சுருள், கடைசியில் கயிறு. முடிச்சை இறுக்கும்போது கண்ணாடிப் பக்கம் காதைக் கொண்டுபோவார். உள்ளே சின்னதாக ஒரு கிறீச் கேட்டால் போதும், எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கட்டுவார். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவர் கட்டிய கண்ணாடி உடைந்தது கிடையாது. ஆனால் அன்றைக்கு அவர் காதுதான் கண்ணாடியில் இருந்தது, மனசு அங்கே இல்லை. நாளைக் காலையில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் நிற்பது என்று அது அலைந்துகொண்டிருந்தது.

"யோவ் பீரோ, சீக்கிரம் கட்டுய்யா. லேட்டா போனா டீச்சர் பெஞ்சு மேல ஏத்திடுவாங்க," என்றார் லாரி டிரைவர்.

"நான் ஏறினா பெஞ்சு தாங்குமான்னு டீச்சர்தான் யோசிக்கணும்."

"சிலேட்டு, பல்பம் எல்லாம் பையில வச்சாச்சா?"

"வச்சாச்சு. என்னை உள்ள விட்டுட்டு நீ வாசல்ல நின்னு அழாம இருந்தா சரி."

பீரோ என்பது பட்டப்பெயர். இளவட்டமாக இருந்தபோது ஒருநாள் இரும்பு பீரோ ஒன்றைத் தனியாளாக முதுகில் ஏற்றி மாடியிலிருந்து இறக்கினார். கீழே வைத்த பிறகுதான், உள்ளே இருந்த துணிமணியை யாரும் எடுக்கவே இல்லை என்று தெரிந்தது. அன்றோடு சொந்தப் பெயர் போயிற்று. பெண்டாட்டி மட்டும் அப்படிக் கூப்பிடமாட்டாள். கோபம் வந்தால் அவளும் கூப்பிடுவாள்.

இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டியாகிவிட்டது. முதுகு இன்னும் ஒத்துழைக்கிறது. முட்டிதான் ஒவ்வொரு படிக்கும் முனகுகிறது. ஆனால் அவர் தொழில் மாற நினைத்ததற்கு முட்டி மட்டும் காரணமில்லை.

ஒரு வீட்டைக் காலி செய்யும்போது கடைசியில் மிஞ்சுவது அந்த வீட்டுப் பெரியவர்தான். கட்டில், மேசை, பாத்திரம் எல்லாம் லாரியில் ஏறிய பிறகு, நடக்க முடியாத அப்பாவோ அம்மாவோ வெறும் அறையில் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மகனும் மருமகளும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து பீரோவைப் பார்ப்பார்கள். "அண்ணே, இவரையும் அப்படியே கீழ இறக்கி விட்டுடறீங்களா?" கம்பெனி ரசீதில் இதற்கு இடம் கிடையாது. பீரோ இறக்கிவிடுவார். அதில் அவருக்குப் பிடிப்பு வந்துவிட்டது. சோபாவை இறக்கினால் சோபா ஒன்றும் சொல்லாது. பெரியவர்கள் வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவார்கள், திட்டுவார்கள், பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் புறம் சொல்வார்கள்.

போன மாதம் அப்படி இறக்கிய ஒரு பெரியவர், தபால் ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கீழே வந்ததும் பீரோவின் சட்டைக் காலரை விடவில்லை. "ஏன்யா, இதுக்குன்னு படிப்பு இருக்கு, தெரியுமா உனக்கு? முடியாதவங்களைப் பார்த்துக்கற படிப்பு. படிச்சா நல்ல வேலை."

"படிப்பா? எனக்கா?"

"படுத்துக் கிடக்கற எனக்கே தெரிஞ்சிருக்கு. தூக்கற உனக்குத் தெரியலயே!"

அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மகள் போனில் தேடி, "எட்டாவது பாஸ் போதுமாம்பா!" என்று கத்தியபோது பீரோ எழுந்து நின்று கைதட்டினார். ஊரில் அந்தப் படிப்புக்கு இரண்டு பயிற்சிப் பள்ளிகள். இரண்டிலும் புது வகுப்பு ஒரே நாளில் தொடங்குகிறது. அது நாளைக்கு.

பெண்டாட்டி தையல் கம்பெனியில் காஜா மெஷினில் உட்காருகிறவள். நாளெல்லாம் சட்டைகளுக்குப் பொத்தான் ஓட்டை போடுவது அவள் வேலை. அவர் படித்து முடிக்கும்வரை வீட்டை அவள் சம்பளம்தான் இழுக்கவேண்டும். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒரு தடவைதான். ஒரு ஸ்கூலு. போய்ச் சேர்ந்துட்டு, இது சரியில்ல, அது சரியில்லன்னு பாதியில வந்து நின்னீங்க, மறுநாளே கம்பளியை எடுத்துக்கிட்டு லாரியில ஏறிடணும். ரெண்டாவது தடவை இழுக்க என் முதுகுல தெம்பு இல்ல."

நியாயமான பேச்சு. அதனால்தான் பீரோவுக்கு மகிழ்ச்சியோடு பயமும் சேர்ந்துகொண்டது.

முதல் பள்ளியை முந்தின நாளே பார்த்துவிட்டார். கூட்டிக்கொண்டு போனவன் பெண்டாட்டியின் தம்பி. அந்த மச்சினனுக்கு ஊரில் எல்லா வாசலிலும் ஒரு ஆளைத் தெரியும். தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரிதான் உள்ளே நுழைவான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பள்ளிதான். கண்ணாடிக் கதவு, குளுகுளு அறை, பளபளவென்ற தரை. சேர வருகிற எல்லோருக்கும் ஒரு பேனா கொடுத்தார்கள். படிக்கிற பிள்ளைகள் எல்லாம் வெளிர்நீல உடுப்பு. உள்ளே கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருந்தது. பொம்மை என்றால் கடைப் பொம்மை இல்லை. மூச்சு விடுகிறது, கண் சிமிட்டுகிறது, பொத்தானை அமுக்கினால் இருமுகிறது.

பீரோ பொத்தானை அமுக்கினார். பொம்மை இருமியது. மறுபடியும் அமுக்கினார்.

"மாமா, போதும். அதுக்கு டி.பி. வந்துடப் போகுது," என்றான் மச்சினன்.

வகுப்பெடுக்கும் இளைஞர் சிரித்தபடி, பொம்மையை எப்படித் திருப்புவது, எப்படி உட்கார வைப்பது என்று காட்டினார். அளவெடுத்தது மாதிரி வேலை. பீரோ வாயைத் திறந்தபடி பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த நீல உடுப்பில் தன்னை நினைத்துப் பார்த்துக்கொண்டார். தோள் பக்கம் கொஞ்சம் பிடிக்கும், பரவாயில்லை. மச்சினன் கவுண்டரில் தெரிந்த பெண்ணிடம் ஓர் இடம் சொல்லி வைத்துவிட்டான். கிட்டத்தட்ட முடிந்த கதை.

ஆனால் பீரோ ஒரு சட்டை எடுப்பதற்கே இரண்டு கடை ஏறி இறங்குகிற ஆள். அன்றைக்குக் கண்ணாடி பத்திரமாக லாரியில் ஏறியதும், மிச்ச வேலையை டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டாவது பள்ளியைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்.

அது ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்தது. குறுகலான மாடிப்படி. அதைப் பார்த்ததும், இதில் சோபா ஏறாது என்று பழக்க தோஷத்தில் நினைத்துக்கொண்டார். மேலே போய்க் கதவைத் தட்டினார். தோளில் துண்டு போட்ட ஒரு குட்டைப் பெண் திறந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா! சிஸ்டர், ஆள் வந்தாச்சு! நல்ல கனம்!"

பீரோவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இவ்வளவு சந்தோஷமாக யாரும் அவரைக் கதவு திறந்து வரவேற்றதில்லை.

"செருப்பை அங்க விடுங்கண்ணே. போன், சாவி எல்லாம் இந்தத் தட்டுல வச்சிடுங்க. படுங்க."

"இப்பவேவா?"

"பின்ன எப்போ? எவ்வளவு நேரமா காத்துக்கிட்டு இருக்கோம்!"

உள்ளே நீளமான அறை. சுவரோரம் நாலைந்து கட்டில்கள், ஒரு சக்கர நாற்காலி, வாளிகள், மடித்து வைத்த விரிப்புகள். படிக்கிறவர்கள் ஒரு கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண்மணி. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்று இந்தப் பள்ளியை நடத்துகிறவர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான்.

பீரோவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது, அல்லது விளங்கியதாக நினைத்துக்கொண்டார். அங்கே பேனா கொடுக்கிறார்கள், இங்கே நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள்! அவர் கடைசியாகப் பரீட்சை எழுதியது எட்டாம் வகுப்பில். பாஸானதை வாத்தியாரே நம்பவில்லை. இதில் எப்படியாவது தேறிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலில் நீட்டிப் படுத்தார்.

"இன்னைக்கு உங்களுக்கு வலது கையும் வலது காலும் விளங்காது. பேச்சு வரும். புரியுதா?" என்றார் சிஸ்டர்.

"புரியுதுங்க சிஸ்டர்," என்று விறைப்பாகச் சொன்னார் பீரோ.

அந்தக் குட்டைப் பெண்ணும், பேக்கரியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்து படிக்க வந்த ஒரு நெட்டை ஆளும் அவரைத் திருப்ப வேண்டும். நெட்டை குனிந்தான். "அண்ணே, உங்க வலது கையை எடுத்து நெஞ்சு மேல வைக்கிறேன். இப்ப என் பக்கமா உங்களைத் திருப்பப் போறேன். வலிச்சா சொல்லிடுங்க."

இது கேள்வியா, பதில் சொல்ல வேண்டுமா என்று பீரோவுக்குத் தெரியவில்லை. பொதுவாக, "நல்லதுங்க," என்று வைத்தார். திருப்பத் தொடங்கினார்கள். குட்டைப் பெண்ணுக்கு முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. பார்க்கச் சகிக்காமல் பீரோ வலது காலால் மெத்தையை ஓர் உந்து உந்தினார்.

சிஸ்டர் பேனாவால் அந்தக் காலைத் தட்டினார். "இந்தக் கால் விளங்காதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம் எப்படி உதைக்குது?"

"சின்னப் பொண்ணு கஷ்டப்படுதேன்னு பாவமா..."

"நீங்க பாவம் பார்த்தா அவ என்னைக்குக் கத்துக்கறது? வீட்ல நிஜமா விளங்காம கிடக்கறவர் உந்தித் தருவாரா? பேசாம கனமா கிடங்க."

பீரோ கனமாகக் கிடந்தார். மறுபடியும் திருப்பினார்கள். இந்தத் தடவை அவருக்குக் கீழே விரிப்பு ஒன்றைச் செருகி, அதைப் பிடித்து இழுத்தார்கள். உடம்பு தானாக நகர்ந்தது. கூரை விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து போனது. என்ன வினோதம்! இருபத்தைந்து வருடமாக ஊரையே தூக்கி இறக்கியவர் அவர். அவரை யாரும் தூக்கியதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை மச்சினன் முயன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனதோடு சரி. வயிற்றுக்குள் குறுகுறுவென்று சிரிப்பு வந்தது. பரீட்சையில் சிரிக்கலாமா என்று அடக்கிக்கொண்டார்.

அடுத்து கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றவேண்டும். "எழுந்திருக்கப் போறோம்ணே," என்று சொல்லி இடுப்பை வளைத்துப் பிடித்தாள் குட்டைப் பெண். பாதி வழி நன்றாகத்தான் போயிற்று. நாற்காலி கொஞ்சம் நகர்ந்ததா, அவள் கால் பிசகியதா தெரியாது. பீரோ கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே மெதுவாக வழுக்கிப் போய்த் தரையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

சுற்றி நின்றவர்கள் பதறி ஓடிவந்தார்கள். சிஸ்டர் மட்டும் பதறவில்லை.

"சரி, விழுந்தாச்சு. யாரும் விழாத வீடு எங்கயும் கிடையாது. இப்ப விழுந்தவரை எப்படி எழுப்பறதுன்னு பார்க்கலாம். சட்டுனு பிடிச்சு இழுக்கக்கூடாது. முதல்ல என்ன செய்யணும்?"

"எங்க வலிக்குதுன்னு கேக்கணும் சிஸ்டர்," என்றாள் குட்டைப் பெண், அழுகையை விழுங்கிக்கொண்டு.

"அப்ப என்னைப் பார்த்து ஏன் சொல்ற? அவரைக் கேளு."

கேட்டாள். இடுப்பில் லேசாக என்றார் பீரோ. தொட்டுப் பார்த்தார்கள், காலை நீட்டி மடக்கச் சொன்னார்கள், நேரம் எடுத்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எல்லாம் முடிந்ததும் சிஸ்டர் கைகளைக் கட்டிக்கொண்டு, "ம், மார்க் சொல்லுங்க," என்றார்.

"எனக்கு எவ்வளவுங்க சிஸ்டர்?" என்று ஆவலாகக் கேட்டார் பீரோ.

"உங்களுக்கா? நீங்கதான் இவங்களுக்குப் போடணும். எங்க வலிச்சுது, எப்ப பயம் வந்துச்சு, எப்ப கூச்சமா இருந்துச்சு, எல்லாம் சொல்லணும். முகதாட்சண்யம் பார்க்காதீங்க."

இது என்ன பரீட்சை என்று தலையைச் சொறிந்தார். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும். "தம்பி கை ஐஸ் மாதிரி இருந்துச்சு, தொட்டதும் தூக்கிவாரிப் போட்டுது. இந்தப் பொண்ணு கை நல்ல பிடிப்பு. ஆனா நாற்காலிக்கு மாத்தும்போது என் மூஞ்சியப் பார்க்கல, சுவத்தைப் பார்த்துச்சு. அப்பத்தான் எனக்கு பயம் வந்துச்சு. பயந்த உடனே விழுந்துட்டேன்."

குட்டைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். நெட்டை இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிப் பார்த்துக்கொண்டான்.

அப்போது கதவு திறந்தது. பீரோவைவிட ஒரு சுற்றுப் பெரிய ஆள் ஒருவர் மூச்சு வாங்க நின்றார். "மன்னிச்சுக்கங்க சிஸ்டர், பஸ் கிடைக்கல. மார்க்கெட்லேருந்து வர்றேன். கனமான ஆள் ஒருத்தர் வேணும்னு சொல்லி விட்டிருந்தீங்களே?"

சிஸ்டர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பீரோவைப் பார்த்தார். "அப்ப நீங்க யாரு?"

"நான் படிக்கச் சேர வந்தவனுங்க."

அறையே வெடித்துச் சிரித்தது. வந்த மார்க்கெட்காரர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். சிஸ்டருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "அடிப்பாவி, சேர வந்த மனுஷனை வந்த அன்னைக்கே கீழ போட்டுட்டியேடி! வாயைத் திறந்து சொல்லக்கூடாதாப்பா நீ?"

"பரீட்சைன்னு நெனச்சுட்டேன்."

பிறகுதான் அவர்கள் வழக்கத்தைச் சொன்னார்கள். அந்தப் பள்ளியில் வாரா வாரம் ஒரு புது ஆள் வந்து படுப்பார். ஒரு வாரம் ஒல்லி, ஒரு வாரம் உயரம், ஒரு வாரம் எதற்கெடுத்தாலும் கோபப்படுகிற கிழவர். வந்து படுப்பவர் சொல்வதுதான் அந்த வாரத்து மார்க். சிஸ்டரே மாற்ற முடியாது.

பீரோ படியிறங்கி வரும்போது இடுப்பு வலித்தது. மனசு என்னவோ பலூன் மாதிரி முன்னால் பறந்துபோய்க்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றவருக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. ஒரு கடைச் சட்டையைப் போட்டுப் பார்த்தாயிற்று. இன்னொரு கடைச் சட்டையைக் கையில் பிடித்து மட்டும் பார்த்தால் அது நியாயமா? வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்துப் பஸ்ஸில் ஏறினார்.

கண்ணாடிக் கதவுப் பள்ளியில் கவுண்டர் பெண் அவரை அடையாளம் கண்டு சிரித்தாள். "அட்மிஷனா சார்?"

"இல்லம்மா. படுக்கணும்."

"என்ன சார்?"

"கட்டில்ல படுக்கணும். உங்க பசங்க என்னைத் தூக்கணும்."

காவலாளி எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் ஒரு கையால் போனை எடுத்தபடியே, "உட்காருங்க சார்," என்று மெதுவாகச் சொன்னாள். நல்லவேளையாக வகுப்பெடுக்கும் இளைஞர் அந்தப் பக்கம் வந்தார். பொம்மையை இருமவைத்த ஆளை அவர் மறக்கவில்லை. விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "இங்க நாங்க பொம்மையிலதான் பழகுவோம். ஆளுங்ககிட்டப் பழகறது கடைசி மாசம், ஆஸ்பத்திரியில. இருந்தாலும் உங்களுக்காக ஒரு தடவை," என்று உள்ளே கூட்டிப்போனார். தங்கமான மனிதர். இதை மறைக்க வேண்டியதில்லை.

பொம்மையை நகர்த்திவிட்டு அந்தக் கட்டிலில் பீரோ படுத்தார். நீல உடுப்புப் பையன்கள் இருவர் வந்தார்கள். அவருக்கு அடியில் வார்களை ஓட்டி, தூக்கும் இயந்திரத்தில் மாட்டி, விசையை அழுத்தினார்கள். கிணற்றிலிருந்து வாளி ஏறுவது மாதிரி, ஆட்டமில்லாமல், அலுங்காமல் பீரோ மேலே ஏறினார். இடுப்புக்கு ஒரு வேலையும் இல்லை. அப்படி ஓர் ஏற்பாடு தன் கம்பெனியில் இருந்திருந்தால் முட்டி பிழைத்திருக்குமே என்று ஏங்கிப்போனார்.

"அந்தப் பக்கம் டைட்டா?" என்றான் ஒருவன்.

"டைட்தான். முடிச்சுட்டு டீக்குப் போலாமா?"

"கேன்டீன் மூடியிருப்பாங்கடா."

பேச்சு அவருக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. ஒரு வார் அவர் காதை மடக்கிப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். யாராவது கேட்பார்கள் என்று நினைத்தார். கேட்கவில்லை. கடைசியில், "தம்பி, காது," என்றார்.

பையன் துள்ளிக் குதித்து விசையை விட்டுவிட்டான். கட்டிலில் கிடப்பது பேசும் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை. அப்புறம் வெட்கப்பட்டு, "சாரி அங்கிள், சாரி," என்று நாலு தடவை சொல்லிக் காதை விடுவித்தான். நல்ல பிள்ளைதான். பழக்கம் அப்படி.

வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் பீரோ கொட்டித் தீர்த்துவிட்டு, ஹார்டுவேர் கடை மாடியில்தான் சேரப்போவதாகச் சொன்னார். மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மச்சினனும் வந்திருந்தான், அக்கா புருஷன் பள்ளிக்கூடம் போக ஒரு புதுப் பை வாங்கி வந்திருந்தான். பெண்டாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

"இருங்க. சரியா சொல்லுங்க. அங்க தூக்கினாங்க, இங்க போட்டாங்க. அதானே?"

"ஆமா."

"உங்களைக் கீழ போட்ட இடத்துக்குத்தான் போறேங்கறீங்க."

"ஆமா."

"தம்பி, இவர் இடுப்புலதான் விழுந்தாரா, தலையில விழுந்தாரான்னு பாருடா."

"அதானேக்கா! மாமா, நான் சீட்டு சொல்லி வச்சிருக்கேன். ஏசி ரூமு, மெஷினு, யூனிஃபார்மு. ஹார்டுவேர் கடை மாடிக்கா போறீங்க? ஆணி வாங்கவா?"

"மெஷின் நல்ல மெஷின்தான்டா. ஆனா நான் தப்பு பண்ணினா அங்க யாரு சொல்லுவா? பொம்மை வாயைத் திறக்காது. வாத்தியார் பார்க்கும்போது நான் ஒழுங்காத்தான் செய்வேன். கடைசி மாசம் ஆஸ்பத்திரியில போய், நிஜ ஆள் காதை மடக்கினப்பறம்தானே எனக்குத் தெரியும்?"

பெண்டாட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது வேடிக்கைப் பேச்சு இல்லை. "நான் இத்தனை மாசம் காஜா மெஷின்ல குனிஞ்சு கிடக்கப் போறேன். பாதியில வந்து நின்னா அவ்வளவுதான். வாயால சொன்னா எனக்கு ஏறாது. செஞ்சு காட்டுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்க் கட்டிலில் படுத்தாள். "எனக்கும் வலது கை, வலது கால் விளங்கல. ம்."

பீரோ கைகளைத் தேய்த்துக்கொண்டு கிட்டே போனார். அந்த இளைஞர் பொம்மையைத் திருப்பிக் காட்டியது மாதிரியே ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, ஒரே வீச்சில் கச்சிதமாகத் திருப்பினார்.

"ஐயோ, என் முடி! முடி!"

அவள் பின்னல் அவர் முழங்கைக்கு அடியில் மாட்டியிருந்தது. பீரோ பதறிக் கையை எடுத்தார். எடுத்தவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "பார்த்தியா! நீ கத்தினதாலதான் எனக்குத் தெரிஞ்சுது. அந்தப் பொம்மைக்கு முடியே கிடையாது!"

"விக் மாட்டச் சொல்லிடலாம் மாமா," என்றான் மச்சினன்.

"நீ சும்மா இருடா," என்றாள் அவன் அக்கா, தலையைத் தேய்த்துக்கொண்டே.

"மார்க் போடும்மா," என்றாள் மகள். "முகதாட்சண்யம் கூடாது."

"பத்துக்கு ரெண்டு."

"ரெண்டு எதுக்கு?" என்றார் பீரோ.

"கை சூடா இருந்துச்சு, அதுக்கு ஒண்ணு. இன்னொண்ணு பாவம் பார்த்துப் போட்டேன்."

"பாவம் பார்க்கக்கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க."

"அப்ப ஒண்ணுதான்."

மறுபடியும் செய்தார். இந்தத் தடவை பின்னலை எடுத்து முன்னால் போட்டார். என்ன செய்யப் போகிறார் என்று ஒவ்வொன்றையும் முதலில் சொன்னார். சொல்லும்போது நாக்குக் குழறியது. சொந்தப் பெண்டாட்டியிடம் இப்படிப் பேசிப் பழக்கமில்லை. அவள் பேசாமல் திரும்பினாள். அப்புறம் சொன்னாள், "முழங்கால் ஒண்ணு மேல ஒண்ணு இடிக்குது. நடுவுல தலகாணி வைக்கணும் போல இருக்கு. மூணு."

எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்துகொண்டாள். கணக்குப் பார்க்கிற முகம். பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"ஒண்ணு, மூணுன்னு மார்க் வாங்கற ஆளுக்கு ஏசி ரூம் எதுக்குடா? தினம் நாலு பேர் திட்டற ஸ்கூல்தான் சரி. அங்கயே போகட்டும்."

"அக்கா, நான் அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"கண்ணைத் திறந்து முழி."

மச்சினன் புதுப் பையைத் தூக்கிப் பீரோவின் மடியில் போட்டான். "எந்த ஸ்கூலா இருந்தா என்ன, இதுல சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போங்க."

மறுநாள் காலையில் பீரோ முதல் வேலையாகக் கண்ணாடிக் கதவுப் பள்ளிக்குப் போன் செய்தார். இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி, அந்த இளைஞருக்கு நன்றியும் சொல்லி வைத்தார். அடுத்து சிஸ்டருக்குப் போன் செய்தார். "வாப்பா. வரும்போது நகத்தை ஒட்ட வெட்டிக்கிட்டு வா. நகம் வச்சுக்கிட்டு யாரும் என் கட்டிலைத் தொடக்கூடாது," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார் சிஸ்டர்.

கயிறும் மரமும் இழுத்து இழுத்து அவர் நகங்கள் கொம்பு மாதிரி இறுகியிருந்தன. நகவெட்டி கட்டைவிரலில் வளைந்துபோயிற்று. பெண்டாட்டி ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்து, அவர் கைகளை அதில் ஊறப்போட்டாள். நகம் இளகியதும் தையல் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டினாள். வேலைக்கு நேரமாகிறதென்று முணுமுணுத்துக்கொண்டே வெட்டினாள். பத்து விரலும் முடிந்ததும், தன் கன்னத்தில் அவர் விரல்களை இழுத்துப் பார்த்து, ஒன்று கீறுகிறது என்று அதை மட்டும் மறுபடியும் ஒட்ட வெட்டினாள். பீரோ கையைத் துடைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.